குவாண்டம் எண்களை எங்கிருந்து தொடங்குவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

2டி என்று ஓர் ஆர்பிட்டால் (அணுவில் எலக்ட்ரான் இருக்கும் நிலை) உண்டா என்று கேட்டால், அடிப்படை வேதியியல் படித்த எவரும் யோசிக்காமல் "இல்லை" என்பார்கள். ஏன் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். "முதன்மை எண் 2 என்றால் கோண எண் 0 அல்லது 1தான், டிக்கு 2 வேண்டும்" என்பார்கள். கேள்வியையே வேறு சொற்களில் திருப்பித் தருகிற பதில் இது. நானும் இதைச் சொல்லி முழு மதிப்பெண் வாங்கியவன்தான். அது பதிலே இல்லை என்று உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கோளாறு, பாடத்துக்குள் நுழைந்த வாசலில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அணு அமைப்பைப் படிக்கத் தொடங்குபவருக்கும், அதைச் சொல்லித்தர உட்காருபவருக்கும் நான்கு வாசல்கள் இருக்கின்றன. எலக்ட்ரான் வட்டமடிப்பதாகச் சொல்லும், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் மாதிரியில் தொடங்கலாம். எலக்ட்ரானின் நிலையைக் குறிக்கும் நான்கு குவாண்டம் எண்களை (முதன்மை, கோணம், காந்தம், தற்சுழற்சி) அதன் முகவரியாக வைத்து, விதிகளைப் பட்டியலிட்டுத் தொடங்கலாம். அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கத் தேவையான ஆற்றல்) போன்ற அளவீடுகளைக் கையில் கொடுத்துத் தொடங்கலாம். நிலை அலைகளிலிருந்தும் தொடங்கலாம். பெரும்பாலான பாடநூல்கள் முதல் வழியில் புறப்பட்டு இரண்டாவதில் போய் நின்றுவிடும். அலையைப் பற்றி நடுவில் ஒரு பக்கம் வரும். தேர்வில் வராது என்று அதைப் பலரும் தாண்டிவிடுவார்கள்.

என் தேர்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அளவீட்டில் தொடங்கி, அலைக்குப் போய், எண்களைக் கடைசியில் எடுப்பது. விதிவிலக்கு உண்டு, கீழே வருகிறேன்.

ஒப்பிடுவதற்கு மூன்று கேள்விகளை உரைகல்லாக வைத்துக்கொள்வோம். (பெயரில் உள்ள இலக்கம் முதன்மை எண்; எஸ், பி, டி, எஃப் என்ற எழுத்துகள் முறையே கோண எண் 0, 1, 2, 3.) 2டி ஏன் இல்லை? பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரான் 3டியை விட்டுவிட்டு 4எஸ்ஸுக்கு ஏன் போகிறது? இந்த வழியில் கற்றதில் எவ்வளவைப் பின்னால் மறக்க வேண்டியிருக்கும்? மூன்றாவதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

வட்டப்பாதை வழி

நீல்ஸ் போரின் மாதிரி 1913இல் வந்தது. அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான், சில வட்டங்களில் மட்டும். ஹைட்ரஜனில் ஒரு மட்டத்தின் ஆற்றல் வேண்டுமானால் −13.6 எலக்ட்ரான் வோல்ட்டை (அணு அளவில் ஆற்றலின் அலகு) முதன்மை எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது வெளிவருவது 13.6 × (1/4 − 1/9), அதாவது 1.89 எலக்ட்ரான் வோல்ட். 1240ஐ அந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்: 656. ஹைட்ரஜன் ஒளியின் சிவப்புக் கோடு அங்கேதான் இருக்கிறது. ஒரு மாணவர் இந்தக் கணக்கைத் தானே போட்டு, விடையை நிறமாலைப் படத்தில் பார்க்கும் நொடிக்காகவே இந்த மாதிரியை ஒதுக்கிவிடக் கூடாது என்பேன்.

ஆனால் ஒரு நாளோடு சரி. ஹீலியத்திலேயே அது கைவிரித்துவிடுகிறது. ஓர் எலக்ட்ரானை ஏற்கனவே இழந்த ஹீலியத்திலிருந்து மற்றதையும் பறிக்க 54.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், 13.6ஐ நான்கால் பெருக்கினால் அப்படியே வருகிறது. முழு ஹீலியத்திலிருந்து முதல் எலக்ட்ரானைப் பறிக்க 24.6 போதும். இந்த எண்ணை வட்டங்கள் தராது. 2எஸ், 2பி என்ற வேறுபாடே இல்லாததால் நம் முதல் இரண்டு கேள்விகளை அங்கே கேட்கக்கூட முடியாது.

மறக்க வேண்டியதும் நிறைய. முதல் வட்டத்தில் சுற்றும் எலக்ட்ரானுக்குக் கோண உந்தம் (சுற்றும் இயக்கத்தின் அளவு) உண்டு என்கிறது போர் மாதிரி. உண்மையில் 1எஸ் எலக்ட்ரானின் சுற்றுக் கோண உந்தம் சுழியம். இன்னொரு பொறி 52.9 பிகோமீட்டர். போரின் முதல் வட்டத்தின் ஆரம் அது. அலைக் கொள்கையிலும் ஹைட்ரஜன் எலக்ட்ரானைக் காண வாய்ப்பு மிகுந்த தொலைவு அதே 52.9தான். எண் ஒத்துப்போவதால் படமும் ஒத்துப்போகும் என்று மனம் நம்பிவிடுகிறது. சராசரித் தொலைவு 79 பிகோமீட்டர் என்று தெரியவரும்போதுதான் வட்டம் கலையும். ஆர்பிட்டால் என்ற சொல்லை 1932இல் உருவாக்கிய மல்லிகன், 'ஆர்பிட்' என்ற பழைய சொல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் அதை வைத்திருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முகவரி வழி

முதன்மை எண் ஊர், கோண எண் தெரு, காந்த எண் வீடு, தற்சுழற்சி எண் அறைக்குள் எந்தக் கட்டில். இந்த உவமையைக் கேட்காதவர் இருக்க முடியாது. இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கோண எண் சுழியத்திலிருந்து முதன்மை எண்ணுக்கு ஒன்று குறைவாக வரை; காந்த எண், கோண எண்ணின் எதிர்க்குறி மதிப்பிலிருந்து நேர்க்குறி மதிப்பு வரை; தற்சுழற்சி எண் +½ அல்லது −½. நான்கும் ஒன்றாக இருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் ஓர் அணுவில் கிடையாது என்ற பௌலி தவிர்க்கைத் தத்துவத்தைச் சேர்த்தால் 2, 8, 18, 32 என்று கூடுகளின் (ஒரே முதன்மை எண் கொண்ட ஆர்பிட்டால்களின் தொகுப்பு) கொள்ளளவு தானாக வந்துவிடும். "கீழ்க்கண்டவற்றில் எந்த எண் தொகுப்பு சாத்தியமில்லை" வகைக் கேள்விகளுக்கு இதைவிட வேகமான கருவி இல்லை.

வரலாறும் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் நடந்தது. போரின் வட்டத்தை நீள்வட்டமாக்கி, 1916 வாக்கில் சோமர்ஃபெல்ட் கூடுதல் எண்களைக் கொண்டுவந்தார். எஸ், பி, டி, எஃப் என்ற எழுத்துகள் அதற்கும் முந்தியவை. நிறமாலைக் கோடுகள் கூர்மையானவை, முதன்மையானவை, பரவலானவை, அடிப்படையானவை என்று ஆங்கிலத்தில் வைத்த பெயர்களின் முதலெழுத்துகள் அவை. நான்காவது எண் என்னவென்று தெளிவாகும் முன்பே, அப்படி இரண்டே மதிப்புள்ள ஒன்று இருந்தாக வேண்டும் என்று பௌலி கணக்கை முடித்தார். அதே 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அதைத் தற்சுழற்சி என்றார்கள். எலக்ட்ரானை அலையாகக் கருதும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்ததோ 1926இல். ஆக எண்கள் முதலில் வந்தன, காரணம் பிறகு வந்தது. காரணம் வந்து நூறாண்டு ஆகும் வேளையிலும் அந்த இருட்டில் தடவிய வரிசையிலேயே மாணவர்களை நடத்திப்போவது எனக்குப் புரியாத விஷயம்.

உவமையின் குறை எளிமையில் இல்லை. அது தவறான இடத்தில் எளிமையாக இருக்கிறது. வீடு என்றால் ஆள் குடியேறும் முன்பே கட்டி நிற்கும். ஆர்பிட்டால் அப்படி இல்லை. அது எலக்ட்ரான் இருக்கும் நிலையின் பெயர். ஹைட்ரஜனின் 1எஸ்ஸும் ஹீலியத்தின் 1எஸ்ஸும் ஒரே அளவு வீடுகள் அல்ல. கருவின் மின்சுமை கூடியதும் மேகம் சுருங்கிவிடுகிறது. புதிதாக ஓர் எலக்ட்ரான் வந்தால் ஏற்கனவே இருக்கும் எல்லா ஆர்பிட்டால்களும் கொஞ்சம் மாறுகின்றன. "பன்னிரண்டாவது எலக்ட்ரானின் நான்கு குவாண்டம் எண்கள் யாவை" என்று கேட்பார்கள். எலக்ட்ரான்களில் பன்னிரண்டாவது என்று ஒன்று கிடையாது; அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியவே முடியாது. கேள்விக்கு எதிர்பார்க்கும் விடையை எழுதிவிட்டு, மனதுக்குள் இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

காந்த எண்ணில் ஒரு தவறு ஊறிப்போயிருக்கிறது. எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் நெடுக நிற்கும் மூன்று பி ஆர்பிட்டால்களுக்கு +1, −1, 0 என்று ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக் கொடுப்பது. இசட் பக்கம் நிற்பதற்குச் சுழியம் என்பது மட்டும் சரி. எக்ஸும் ஒய்யும், +1, −1 நிலைகளைக் கலந்து செய்த கலவைகள். தனியே எதற்கும் தனி எண் கிடையாது. முகவரி உவமையில் வளர்ந்தவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் வீட்டு எண்ணே இல்லாத வீடு அவர் கணக்கில் வராது.

இதைவிட அதிகச் சேதம் செய்வது நிரப்பும் வரிசை. 'என் + எல்' விதி (முதன்மை எண்ணும் கோண எண்ணும் கூட்டினால் குறைவாக வரும் ஆர்பிட்டால் முதலில் நிரம்பும்) 4எஸ்ஸை 3டிக்கு முன்னால் வைக்கிறது. பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் சரியான விடை. குரோமியத்திலும் தாமிரத்திலும் ஒரு 4எஸ் எலக்ட்ரான் 3டிக்குப் போய்விடுகிறது. பலேடியத்தில் 5எஸ் முழுக்கக் காலி. இவற்றை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் இரும்பிலிருந்து மூன்று எலக்ட்ரான்களை எடுக்கச் சொன்னால், கடைசியாக நிரம்பியது 3டி என்று நினைப்பவர் அங்கிருந்தே மூன்றையும் எடுத்து 3டியில் மூன்று, 4எஸ்ஸில் இரண்டு என்று எழுதுவார். அப்படியானால் இணையில்லாத எலக்ட்ரான்கள் மூன்று. காந்தப் பண்பை அளந்தால் ஐந்து என்று வருகிறது. 4எஸ் இரண்டும் முதலில் போய், 3டியில் ஐந்து மிஞ்சுகின்றன. நிரப்பிய வரிசையில் ஏன் காலியாகவில்லை என்ற கேள்விக்கு முகவரி வழியில் இருப்பது இன்னொரு விதிதான்.

அளவீட்டு வழி

லித்தியம் முதல் நியான் வரை எட்டுத் தனிமங்களின் முதல் அயனியாக்கும் ஆற்றலை, எலக்ட்ரான் வோல்ட்டில், ஒரு வரைதாளில் குறியுங்கள்: 5.39, 9.32, 8.30, 11.26, 14.53, 13.62, 17.42, 21.56. பக்கத்தில் சோடியத்துக்கு 5.14. குவாண்டம் எண் என்ற சொல்லே காதில் விழாதவரிடம் இதைக் கொடுத்தாலும் மூன்று விஷயங்களைக் காட்டுவார். நியானிலிருந்து சோடியத்துக்குச் செங்குத்தான வீழ்ச்சி. போரானில் ஒரு சிறு பள்ளம். ஆக்சிஜனில் இன்னொன்று.

வீழ்ச்சி கூட்டைச் சொல்கிறது: புதிய எலக்ட்ரான் வெளியே, தொலைவில் போய் உட்கார்ந்திருக்கிறது. போரான் பள்ளம், ஒரே கூட்டுக்குள்ளும் இரண்டு மட்டங்கள் உண்டு என்கிறது. முதல் இரண்டு எலக்ட்ரான்கள் ஒருவகை, அடுத்து வருவது சற்று எளிதில் கழலும் வேறுவகை. பிறகு போரான், கார்பன், நைட்ரஜன் என்று மூன்று படிகள் ஏறி ஆக்சிஜனில் மறுபடி இறங்குகிறது. மூன்றுக்குப் பிறகு நான்காவது எலக்ட்ரானுக்குத் தனி இடம் இல்லை, ஏற்கனவே இருக்கும் ஒன்றோடு இணை சேர வேண்டியிருக்கிறது. பி ஆர்பிட்டால்கள் மூன்று என்ற செய்தியும் ஹுண்ட் விதியின் (சம ஆற்றல் ஆர்பிட்டால்களில் முதலில் தனித்தனியாக, பிறகே இணையாக) சாரமும் இந்தப் பள்ளத்திலேயே கிடைத்துவிடுகின்றன.

ஒளியெலக்ட்ரான் நிறமாலை இதை இன்னும் பச்சையாகக் காட்டும். நியான் அணுவின் மீது வலுவான கதிரைச் செலுத்தி, எலக்ட்ரான்களைப் பறிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்த்தால் மூன்று இடங்களில் குறி விழும்: சுமார் 870, 48.5, 21.6 எலக்ட்ரான் வோல்ட். வட்டப்பாதைப் படம் இரண்டைத்தான் எதிர்பார்க்கும். மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று மாணவரே கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு 2எஸ், 2பி என்ற பெயர்கள் திணித்தவையாகத் தோன்றாது.

இந்த வழியில் பின்னால் மறக்க வேண்டியது எதுவும் இல்லை, ஏனென்றால் கையில் இருப்பவை அளந்த எண்கள். குறை வேறு: இது கேள்விகளைக் கூர்மையாக்கும், பதில் தராது. 2பி ஏன் 2எஸ்ஸைவிட எளிதில் கழல்கிறது, பி ஏன் மூன்று, நான்கு ஏன் இல்லை என்று வரைதாள் சொல்லாது. ஆர்பிட்டாலின் வடிவம் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தனியாக நிற்க முடியாத வழி, ஆனால் முதல் அடிக்கு இதைவிட நல்ல மண் இல்லை.

அலை வழி

இரண்டு முனைகளிலும் கட்டிய தந்தியை மீட்டினால் அது தன் இஷ்டத்துக்கு அதிராது. ஓர் அரையலை, இரண்டு, மூன்று என்று முழு எண்களில்தான் நிலை அலைகள் உருவாகும். யாரும் அந்த எண்களை விதியாகப் போடவில்லை. முனைகள் அசையக்கூடாது என்ற கட்டுப்பாடே எண்களைப் பிறப்பிக்கிறது. தந்திக்கு ஓர் எண் போதும். தோல் போர்த்திய வட்டமான மேளத்துக்கு இரண்டு வேண்டும்: அசையாத வளையங்கள் எத்தனை, அசையாத குறுக்குக் கோடுகள் எத்தனை. எலக்ட்ரான் முப்பரிமாணத்தில் கருவின் கவர்ச்சிக்குள் கட்டுண்ட அலை, அதனால் மூன்று. நான்காவதான தற்சுழற்சி இந்தக் கணக்கில் வராது, அதைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். 1922இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தில் செலுத்தியபோது அது இரண்டாகப் பிரிந்தது. வெள்ளியின் வெளி எலக்ட்ரான் 5எஸ்; அதன் சுற்றுக் கோண உந்தம் சுழியம். பிரிவதற்கு வேறொரு காரணம் இருந்தாக வேண்டும்; அதுதான் தற்சுழற்சி.

இனி 2டி. அலை மறையும் இடத்துக்குக் கணு என்று பெயர். முதன்மை எண் சொல்வது மொத்தக் கணுக்களை: அதில் ஒன்றைக் கழித்தால் எண்ணிக்கை வரும். கோண எண், அவற்றில் கருவின் ஊடாகச் செல்பவை எத்தனை என்கிறது; மிச்சம் கருவைச் சூழ்ந்த கோளக் கணுக்கள். டி என்ற வடிவத்துக்கே கருவின் ஊடாக இரண்டு கணுக்கள் வேண்டும். கோளக் கணு ஒன்றுகூட இல்லாத மிக எளிய டி அலைக்குக் கணுக்கள் இரண்டு, ஆகவே முதன்மை எண் 3. அதைவிடச் சிறிய டி இருக்க வேண்டுமானால் கோளக் கணுவின் எண்ணிக்கை −1 ஆக வேண்டும். கதை முடிந்தது. 1பி, 3எஃப் ஏன் இல்லை என்பதற்கும் இதே வரிதான் பதில்.

இரண்டாவது கேள்வியில் இந்த வழி இன்னும் நன்றாக மின்னுகிறது. 4எஸ் அலைக்கு மூன்று கோளக் கணுக்கள். பெரும்பகுதி வெளியே பரந்திருந்தாலும் உள்ளே சிறு அலைகள் கருவரை ஊடுருவுகின்றன. 3டியோ கரு இருக்கும் இடத்தில் மறைந்துபோகும் அலை. பொட்டாசியத்தில் மற்ற 18 எலக்ட்ரான்கள் கருவை மறைத்து நிற்கின்றன. ஊடுருவ முடியாத 3டிக்குக் கருவின் 19 மின்சுமையில் ஏறக்குறைய ஒன்றுதான் தெரியும். ஊடுருவும் 4எஸ்ஸுக்கு அதிகம் தெரியும், ஆகவே ஆற்றல் கீழே இறங்குகிறது.

இப்போது எலக்ட்ரான் எண்ணிக்கையை 19 என்று நிறுத்திக்கொண்டு கருவை மட்டும் வலுவாக்கிப் பாருங்கள். பொட்டாசியம், ஓர் எலக்ட்ரான் இழந்த கால்சியம், இரண்டு இழந்த ஸ்கேண்டியம்: மூன்றிலும் 19 எலக்ட்ரான்கள்தான். முதல் இரண்டில் கடைசி எலக்ட்ரான் 4எஸ்ஸில் இருக்கிறது. ஸ்கேண்டியம் அயனியில் 3டியில். கருவில் 21 வந்ததும் 3டி உள்ளே சுருங்கி 4எஸ்ஸுக்குக் கீழே போய்விட்டது. அப்படியானால் முழு ஸ்கேண்டியம் அணுவில் 4எஸ்ஸில் இரண்டு ஏன்? சுருங்கிய 3டியில் கூட்டம் சேர்த்தால் எலக்ட்ரான்களுக்குள் விலக்கம் அதிகம்; விசாலமான 4எஸ்ஸில் இரண்டை வைப்பதே மொத்தத்தில் மலிவு. இரும்பிலிருந்து எலக்ட்ரான் போகும்போது 4எஸ் முதலில் போவது இப்போது விதிவிலக்காகத் தெரியாது. 4எஸ், 3டி இரண்டில் எது தாழ்ந்தது என்பதற்கு நிரந்தரமான விடை இல்லை. கருவையும், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த மூன்று அயனிகளின் வரிசை, பத்துப் பக்க விதிகளுக்குச் சமம்.

அலை வழியிலும் தொல்லைகள் உண்டு. படங்களில் இரண்டு நிறத்தில் வரையும் மடல்களை (ஆர்பிட்டாலின் புடைத்த பகுதிகளை) நேர், எதிர் மின்சுமை என்று பலர் எடுத்துக்கொள்வார்கள்; அவை அலையின் குறிகள் மட்டுமே. மடலின் விளிம்பு சுவர் என்று தோன்றும். எலக்ட்ரானைக் காண 90 விழுக்காடு வாய்ப்புள்ள பகுதி என்பதுபோல நாமே வைத்த எல்லை அது. "நடுவில் கணு இருந்தால் எலக்ட்ரான் ஒரு மடலிலிருந்து மற்றதுக்கு எப்படித் தாண்டும்" என்ற கேள்வி தவறாமல் வரும். நடுவில் அசையாப் புள்ளி உள்ள தந்தி, அந்தப் புள்ளியின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அதிர்வதைக் காட்டினால் பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள். மீதிப் பேர் கொஞ்ச நாள் சண்டை போடுவார்கள், போடட்டும். சமன்பாட்டை முழுதாகத் தீர்க்கும் கணிதம் இந்த நிலையில் தேவையில்லை. கணுக்களை எண்ணத் தெரிந்தால் போதும்.

யாருக்கு எது

ஒரு வாரத்தில் தேர்வு என்றால் முகவரி வழியையே பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே இரண்டு திருத்தங்கள்: அயனியாகும்போது 4எஸ் முதலில் கழலும், எக்ஸ், ஒய் பி ஆர்பிட்டால்களுக்குத் தனித்தனிக் காந்த எண் கிடையாது.

கரிம வேதியியல் பக்கம் போக இருப்பவருக்கு அலை வழி கட்டாயம். இரண்டு ஆர்பிட்டால்கள் சேரும்போது பிணைப்பு உண்டாகுமா என்பதை மடல்களின் குறிதான் தீர்மானிக்கிறது; நான்கு எண்களைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. உலோக அயனிகளின் நிறமும் காந்தமும் பிடித்தவருக்கும் அப்படியே. நிறமாலையில் மட்டும் ஆர்வம் உள்ளவர் போர் மாதிரியோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம், அங்கேயே குடியேறாமல்.

சொல்லித்தருபவருக்கு, நான்கு வகுப்புகள் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகுப்பில் ஹைட்ரஜனின் 656 கணக்கு பத்து நிமிடம், மீதி நேரம் வரைதாளும் மேலே கொடுத்த ஒன்பது எண்களும். பெயர்கள் எதையும் சொல்லாமல் பள்ளங்களுக்கு மாணவர்களே பெயர் வைக்கட்டும். இரண்டாவதில் தந்தி, மேளம், கணு. மூன்றாவதில் அந்தக் கணுக்களை எண்ணி, எண்ணிக்கைகளுக்கு முதன்மை, கோணம், காந்தம் என்று பெயர் சூட்டி, தற்சுழற்சியைச் சேர்த்து, 2, 8, 18, 32 வரை. நான்காவது வகுப்பு முழுவதும் பொட்டாசியம், கால்சியம், ஸ்கேண்டியம். நேரம் மிஞ்சினால் அதே 19 எலக்ட்ரான்களோடு டைட்டானியம் அயனியைக் கொடுத்து, கடைசி எலக்ட்ரான் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். விதியைத் தேடாமல் கருவின் மின்சுமையைப் பார்த்து யாராவது "3டி" என்றால், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.